மாலை, மாத்திரை, மன்றாட்டு: வடசென்னைப் போதை மீட்பு நிகழ்வு ஒன்றின் ஆய்வு

இது ஒரு தனிமனிதரின் கதை அல்ல. சென்னையிலும் புறநகரிலும் உள்ள மறுவாழ்வு மையங்களில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒரே நோயாளியின் வரிசையில் கோத்து அமைத்த நிகழ்வு. ஆளும் மையமும் யாரையும் குறிப்பவை அல்ல. மருந்து, சட்டம், ஆண்டு பற்றிய தகவல்கள் உள்ளவை உள்ளபடி.

நோயாளி

வயது 38. வியாசர்பாடிப் பக்கம் வாடகை வீடு, வெல்டிங் வேலை. மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பதினோரு ஆண்டுக் குடி. கடைசி மூன்று ஆண்டுகளில் நாளுக்கு மூன்று குவாட்டர். முதல் குவாட்டர் காலையில் கை நடுக்கத்தை அடக்க. டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவாட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது என்றால், அவர் உடல் நாள்தோறும் 180 கிராமுக்குப் பழகியிருந்தது. தூக்கத்துக்காக நைட்ராசெபாம் 10 மில்லிகிராம் மாத்திரையும் எடுத்துக்கொண்டார். ஒன்றில் தொடங்கி இரண்டு ஆண்டில் ஆறு வரை போயிருந்தது. மாத்திரை விஷயம் வீட்டுக்குத் தெரியாது. தெரியாத அந்த ஒன்றுதான் பின்னால் இரண்டு இடத்தில் வினையானது.

ஐயப்ப பக்தர். ஆண்டுதோறும் கார்த்திகை முதல் நாள் மாலை போடுவார். மனைவி ஐந்தாறு ஆண்டுகளாக ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். அதில் வீட்டுக்குள் பெரிய சண்டை ஏதும் இருந்ததில்லை. சென்னையில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு.

முதல் கட்டம்: மாலை போட்ட மூன்று நாள்

மாலை போடுவதற்கு முந்தைய இரவு பத்து மணிக்குக் கடைசிக் குவாட்டர். விடிகாலை நான்கு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளியல், கோயில், குருசாமி கையால் மாலை. குடியை ஒரேயடியாக நிறுத்தியாகிவிட்டது. விரதத்தில் மாத்திரையும் ஆகாது என்று அதையும் அவரே தூக்கிப் போட்டார். காலையில் கை நடுங்கியது. குளிர்ந்த தண்ணீர்க் குளியல் என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். மாலையில் வியர்வை, குமட்டல், படபடப்பு. விரதச் சாப்பாடும் இறங்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, அதாவது கடைசியாகக் குடித்து 36 மணி நேரத்தில், வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். வலிப்பு தானாக அடங்கியது. சாவிதான் நிறுத்தியது என்று நம்பிக்கை.

மூன்றாம் இரவு கழுத்து மாலையில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தார். சுவரில் யாரோ நிற்கிறார் என்றார். உடல் கொதித்தது, பேச்சு குழறியது. தெருவில் ஒரே பேச்சு: "சாமி வந்துடுச்சு." கற்பூரம் காட்டினார்கள், விபூதி பூசினார்கள். கடைசியில் குருசாமிதான் வந்து பார்த்து, "இது சாமி இல்ல, உடம்பு. 108-க்கு போன் பண்ணுங்க" என்றார். விடிந்த பிறகே அரசு மருத்துவமனை.

குடியை நிறுத்தியதால் வரும் சித்தப் பிரமை இது. நடுக்கம் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். பிரமை 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே எடுத்துவிடக்கூடியது. சாமி வந்தவரையும் இவரையும் பிரித்தறிய அக்கம்பக்கத்தாருக்கும் முடியும். சாமியாட்டம் கொஞ்ச நேரத்தில் அடங்கும், ஆள் பழையபடி பேசுவார். பிரமை மணிக்கணக்கில் நீடிக்கும், கூடிக் குறையும், இரவில் மோசமாகும், நாளும் இடமும் தெரியாது, வேர்த்துக் கொட்டும், நாடி வேகமாக ஓடும்.

மருத்துவமனையில் முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, அதன் பிறகு குளுக்கோஸ். இந்த வரிசை முக்கியம். பல நாள் சரியாகச் சாப்பிடாத குடிநோயாளிக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையில் மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து, நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் லோராசெபாம் கொடுத்து, ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

மதச்சார்பற்ற சிகிச்சை தன் பங்குக்குச் செய்த பிழைகள் இங்கே இரண்டு. ஒன்று: குடியைப் பற்றி எல்லாம் கேட்டார்கள், தூக்க மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மற்றொன்று: மாலை எப்போது கழற்றுவீர்கள் என்றும் கேட்கவில்லை. பிரமையில் இருக்கும் ஒருவரின் கழுத்தில் மணிமாலை இருந்தால் சிக்கிக்கொள்ளும், எனவே கழற்றச் சொன்னது சரி. தெளிந்ததும் மனைவி அதை அவர் கையில் கொடுத்தார், குருசாமியிடம் கேட்டு மீண்டும் அணிந்தார். வார்டுக்கு அது ஒரு பொருள், அவ்வளவுதான். அவருக்கோ அடுத்த ஐந்து வாரம் குடிக்காமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

விரதம் ஏன் வேலை செய்கிறது, ஏன் 42ஆம் நாள் உடைகிறது

விரதத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். அதுவே சிகிச்சை என்று விட்டுவிடும் குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு தரப்பும் அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மாலை போட்டவரை எல்லோரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். நேற்றுவரை "குடிகாரன்" என்ற தெரு இன்று சாமி என்கிறது. மீட்பில் இதைவிடப் பெரிய மருந்து குறைவு. உடை மாறுகிறது, செருப்பு இல்லை, காலை மாலை இரு வேளைக் குளியல், மாலைநேரம் பஜனை. குடிக்கும் நேரம் எதுவோ அந்த நேரம் நிரம்பிவிடுகிறது. பழைய கூட்டாளிகளே "மாலை போட்டிருக்கான், கூப்பிடாத" என்று விலகிக்கொள்கிறார்கள். தடுமாறினால் போய் நிற்க ஒரு குருசாமி.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) எனப்படும் குடிநோயாளர் கூட்டமைப்பில் இவற்றுக்கு நேர் உறுப்புகள் உண்டு: கூட்டம், ஸ்பான்சர் எனும் வழிகாட்டும் மூத்த உறுப்பினர், மாறிய நட்பு வட்டம், நாளை எண்ணுதல். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் எடுத்துக்கொண்டு, ஏ.ஏ.வும் அதில் சேர்த்துவிடும் முறைப்படியான 12 படிச் சிகிச்சையும் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, பல இடங்களில் மேல் என்றது. அதில் பெரும்பங்கு உறவு வட்டம் மாறுவதாலும் "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை வளர்வதாலும் வருகிறது.

41 நாள் விரதத்தின் குறை அதன் முடிவுத் தேதி. மலைக்குப் போய் வந்து மாலை கழற்றும் ஒரே நிமிடத்தில் பெயர், உடை, குளியல், பஜனை, குருசாமி எல்லாம் ஒன்றாகக் கழன்றுவிடுகின்றன. இதற்கிடையில் உடலின் தாங்குதிறனும் இறங்கியிருக்கும். இவர் ஊர் திரும்பிய அன்று மாலை நான்கு மணிக்கு மாலை கழற்றினார், ஏழு மணிக்கு முதல் குவாட்டர். தைப் பொங்கலுக்குள் பழைய அளவு. ஆறு மாத்திரையும் திரும்பியிருந்தது.

இரண்டாம் கட்டம்: மையம்

மனைவியின் சபையில் ஒருவர் சொன்ன மையம். புறநகரில் இரண்டு மாடி வீடு, 26 படுக்கை. பலகையில் "அனைத்து மதத்தினருக்கும்", "12 படி முறை", "யோகா, கவுன்சிலிங், மருத்துவ வசதி". மாதம் 18,000 ரூபாய், மூன்று மாதம் முன்பணம். நிறுவனர் தானே குடியிலிருந்து மீண்டவர், 14 ஆண்டு தெளிவு. நல்ல எண்ணம் கொண்டவர் என்பதில் சந்தேகம் இல்லை. தன்னைக் காப்பாற்றியது எதுவோ அதை மற்றவருக்கும் அப்படியே கொடுக்க நினைத்தார். கோடு மங்குவது பெரும்பாலும் இப்படித்தான். ஏமாற்று வேலை சில இடங்களில் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் அதைத் தேடினால் உண்மையான பிழை கண்ணில் படாது.

விடிகாலை ஐந்து மணிக்கு நான்கு பேருடன் வண்டி வந்தது. இதற்கு இந்த வட்டாரத்தில் "பிக் அப்" என்று பெயர். தூக்கத்தில் இருந்தவரைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். சேர்க்கைப் படிவம் நான்கு பக்கம், மனைவி கையொப்பம் போட்டார். நோயாளி கையொப்பத்துக்கு இடமே இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "மையத்தின் ஆன்மிக ஒழுங்குகள் அனைத்திலும் கலந்துகொள்ளச் சம்மதம்." என்ன ஒழுங்கு, யாருடைய ஆன்மிகம், கலந்துகொள்ளாவிட்டால் என்ன என்பது இல்லை.

கால அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. 5.30 எழுப்புதல். 6 மணிக்குத் தியானம், 45 நிமிடம். 7 யோகா. 9.30 வகுப்பு. 11 குழு ஷேரிங். 2.30 படி வேலை, அதாவது 12 படிகளை ஒவ்வொன்றாகச் செய்வது. 5 வாலிபால். 6.30 பிரார்த்தனை, ஒரு மணி நேரம். ஞாயிறு காலை "சிறப்புக் கூடுகை" மூன்று மணி நேரம். தாளில் இருந்த "தியானம்" நடப்பில் வேத வாசிப்பும் முழங்கால் ஜெபமும்.

கூட்டிப் பார்த்தால் நிலைமை தெரியும். வாரத்துக்கு வழிபாடு 15 மணி 15 நிமிடம். குழு ஷேரிங் ஐந்து நாள், ஐந்து மணி நேரம். தனிக் கவுன்சிலிங் அரை மணி. மனநல மருத்துவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து ஆளுக்குப் பத்து நிமிடம். பலகையில் எழுதிய சொற்கள் ஒன்றுகூடப் பொய் இல்லை, விகிதம்தான் மறைந்திருந்தது. எந்த மையத்தையும் மதிப்பிட, சுவரில் உள்ள அட்டவணையை இப்படி மணிக்கணக்காக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை, விளம்பரத் தாள் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இங்கே கிறிஸ்தவ வடிவம் என்பது இந்த நிகழ்வின் தற்செயல். இதே அட்டவணையில் காலை ஆறு மணிக்குச் சுப்ரபாதமும் மாலையில் கீதை வகுப்பும் இருக்கும் மையங்கள் உண்டு. அங்கே மாட்டிக்கொள்வது ஒரு முஸ்லிம் இளைஞராகவோ கிறிஸ்தவராகவோ பகுத்தறிவுக் குடும்பத்துப் பிள்ளையாகவோ இருக்கும். பெரும்பான்மை மதத்தின் பழக்கம் பண்பாடு என்ற பெயரில் நுழைந்துவிடுவதால் அதை யாரும் மதமாகவே எண்ணுவதில்லை. மறுப்பவருக்கு இன்னும் கடினம்.

"உயர் சக்தி" தமிழில் என்ன ஆகிறது

ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது; அதன் அடிப்படை நூல் 1939இல் வந்தது. இந்தியாவுக்கு 1957இல் வந்து சேர்ந்தது. 12 படிகளில் ஆறு, கடவுளையோ மேலான ஒரு சக்தியையோ குறிக்கின்றன. ஆனால் தன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கும் மூன்றாம் படியிலும் பதினோராம் படியிலும் ஒரு பூட்டு உண்டு: கடவுள் என்பவர் "நாங்கள் புரிந்துகொண்டபடி" உள்ளவர். ஒருவருக்கு அது ஐயப்பன், ஒருவருக்கு அல்லாஹ், இன்னொருவருக்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர். எந்த மதப் பிரிவோடும் அமைப்போடும் சேர்ந்தது இல்லை என்று ஏ.ஏ. தன் முன்னுரையிலேயே சொல்கிறது. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை விடும் விருப்பம். கட்டணமும் இல்லை.

மையங்களின் வகுப்பறையில் முதலில் உதிர்வது அந்த "புரிந்துகொண்டபடி". "உயர் சக்தி" வாய்வழியாகக் "கடவுள்" ஆகும், கடவுள் அடுத்த வாக்கியத்தில் நிறுவனரின் கடவுள் ஆவார். படி வேலையைத் திருத்துபவரும் அவரே. அப்போது மூன்றாம் படியை "முடிப்பது" என்றால் அவர் ஏற்கும் விதத்தில் முடிப்பது. 12 படி நடத்தும் மையம் ஏ.ஏ. ஆகிவிடாது என்பதைக் குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஏ.ஏ. கூட்டத்தில் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். பூட்டிய கேட்டுக்குள் அது நடக்காது.

இவருடைய கோப்பில் பன்னிரண்டாம் நாள் இப்படி எழுதியிருந்தது: "படி 3 முழுமையில்லை. முழங்கால் போட மறுப்பு. ஈகோ அதிகம். போன் வேண்டாம். விசிட் வேண்டாம்." ஐந்து துண்டு வாக்கியம். முதல் இரண்டு ஒரு மனிதரின் வழிபாடு பற்றியவை. மூன்றாவது அதை நோய்க்குறியாக மாற்றுகிறது. கடைசி இரண்டும் அதற்குத் தண்டனை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 3ஆம் பிரிவில், சமூகத்தின் மத நம்பிக்கைக்கு ஒருவர் ஒத்துப்போகாததை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. முழங்கால் போடாததை "ஈகோ" என்று நோயாளிக் கோப்பில் எழுதுவது அந்த வாசலில்தான் போய் நிற்கிறது.

பன்னிரண்டாம் நாள் நிறுத்திய மாத்திரை

சேர்ந்த மூன்றாம் நாள் மருத்துவர் மாத்திரைப் பழக்கத்தைக் கண்டுபிடித்தார். நைட்ராசெபாமுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த டயசெபாம் நாளுக்கு 30 மில்லிகிராம் தொடங்கி, வாரத்துக்கு 5 வீதம் குறைக்க எழுதினார். பன்னிரண்டாம் நாள் 25இல் இருந்தது. அன்றைக்குத்தான் கோப்பில் மேற்சொன்ன ஐந்து வாக்கியமும் விழுந்தன. அன்றைக்கே மாத்திரையும் நின்றது. "மருந்தும் ஒரு போதைதான் பிரதர், ஊன்றுகோலைப் போட்டுட்டு நடங்க" என்பது நிறுவனர் சொன்ன காரணம். மருந்துப் பதிவேட்டில் நிறுத்திய குறிப்பு இல்லை. கட்டங்கள் வெறுமனே காலியாக இருந்தன.

டயசெபாம் உடலை விட்டு மெதுவாகவே போகும். அதிலிருந்து பிரியும் பொருள் பாதியாகக் குறையவே பல நாள் ஆகும். எனவே நிறுத்திய மறுநாளும் மூன்றாம் நாளும் ஆள் நன்றாக இருந்தார், மருந்து தேவையே இல்லை என்பதற்கு அதுவே சாட்சியாகக் காட்டப்பட்டது. பதினெட்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வலிப்பு. நிறுத்தி ஆறு நாள் ஆகிவிட்டதால் யாரும் மாத்திரையோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த இரவு நடந்ததை நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டும். வார்டனும் இரண்டு சீனியர்களும் தலையில் கை வைத்து ஜெபித்தது 20 நிமிடம். மனம் பதறியவர்கள் ஜெபிப்பது இயல்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஒருவர் ஜெபிக்க இன்னொருவர் 108-க்கு அழைத்திருக்கலாம். அழைக்கும் அதிகாரம் வார்டனுக்கு இல்லை. கேட் சாவி நிறுவனரிடம், நிறுவனர் வேறு ஊரில், போன் எடுத்தது 3.40-க்கு. இடையில் இரண்டாம் வலிப்பு. மருத்துவமனை சேர்ந்தது 5.10. இரவுப் பணியில் செவிலியர் கிடையாது. இந்த மூன்று மணி பத்து நிமிடத்தில் வழிபாட்டின் பங்கு 20 நிமிடம். மீதியெல்லாம் சாவி, அனுமதி, ஆள் இல்லாமை. ஜெபத்தை மட்டும் குற்றம் சாட்டினால், நாளைக்கு ஜெபம் இல்லாத மையத்திலும் இதே நடக்கும்.

ஏர்வாடியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த மனநல விடுதி ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. அவர்கள் செத்தது தொழுகையால் அல்ல. சங்கிலியால் செத்தார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. பூட்டிய கேட்டுக்கும் திறக்க முடியாத சாவிக்கும் அந்த நினைவு பொருந்தும்.

சட்டம் என்ன கேட்கிறது

குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகள் 2017 சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருகின்றன. ஆகவே இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம், சித்தா, யோகா என்று எந்தப் பெயரில் இருந்தாலும், மனநல நிறுவனமாகப் பதிவு பெற வேண்டும். பதிவுச் சான்று வரவேற்பறையில் தெரிகிறதா என்று பாருங்கள். அறக்கட்டளைப் பத்திரம் அதற்கு ஈடாகாது.

சேர்க்கைக்கு முக்கியமாக இரண்டு வழி. நோயாளியே சம்மதித்துச் சேர்வது 86ஆம் பிரிவு. அவர் போகிறேன் என்றால், விதிவிலக்கான நிலை தவிர, விட வேண்டும். முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவருக்கு, அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்துச் சேர்ப்பது 89ஆம் பிரிவு. இதற்கு வரம்பு 30 நாள். ஆண் நோயாளி என்றால் ஏழு நாளுக்குள், பெண் அல்லது சிறார் என்றால் மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். "மூன்று மாதப் பேக்கேஜ், மனைவி கையெழுத்து, ஐந்து மணி பிக் அப்" என்பதற்கு இந்த இரண்டிலும் இடமில்லை. 20ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: தலைமுடியை மழிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேலை வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, விருப்பப்பட்ட சொந்த உடை அணியலாம். 18ஆம் பிரிவு மதம் பார்த்து வேறுபாடு காட்டாத சிகிச்சையை உரிமையாக்குகிறது.

அரசே போதை ஒழிப்பில் ஆன்மிக அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய போதையில்லா பாரதம் இயக்கத்தின் கீழ் பிரம்ம குமாரிகள், வாழும் கலை போன்றவற்றோடு ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. மைதானத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. பிடிக்காதவர் வீட்டுக்குப் போவார். அதே உள்ளடக்கம் உள்நோயாளி அட்டவணைக்குள் வரும்போது பொருள் மாறிவிடுகிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் இதே கேள்வியைச் சந்தித்தன: 1996இல் சிறைவாசி ஒருவர், 2007இல் ஹவாயில் பரோலில் வந்த பௌத்தர் ஒருவர். தண்டனைப் பயம் காட்டி 12 படிக் கூட்டத்துக்கு அனுப்புவது மத உரிமை மீறல் என்று இரண்டிலும் தீர்ப்பு. அந்நாட்டு அரசியல் சட்டம் வேறு, அப்படியே இங்கே பொருந்தாது. ஆனால் நீதிமன்றம் பிடித்த நுனி சரியானது: கூட்டத்தில் கடவுள் பெயர் வந்ததா என்பதோடு அது நிற்கவில்லை, போகாதவருக்கு என்ன ஆகும் என்று கேட்டது.

கோடு எங்கே

மறுத்தால் என்ன போகும்? இந்த ஒரு கேள்வி போதும். முழங்கால் போடாதவருக்குப் போன் போகிறதா, விசிட் போகிறதா, மாத்திரை போகிறதா, வீடு திரும்பும் தேதி தள்ளிப்போகிறதா? ஒன்றும் போகவில்லை என்றால், அங்கே ஐந்து வேளை வழிபாடு நடந்தாலும் அது மீட்பு மையம்தான். ஏதாவது ஒன்று போகிறது என்றால், சுவரில் எல்லா மதச் சின்னமும் வரைந்திருந்தாலும் அங்கே மதம் கட்டாயம். "எல்லா மதப் படமும் மாட்டியிருக்கோமே" என்பது பதில் ஆகாது.

நிர்வாகத்தில் இதை நடைமுறையாக்கச் செலவு குறைவு. வழிபாட்டு நேரத்துக்கு இணையாக இன்னொரு நிகழ்ச்சி வேண்டும்: நடைப்பயிற்சி, நூல் வாசிப்பு, தனிக் கவுன்சிலிங். மறுப்பவரை வெறும் அறையில் உட்கார வைத்தால் அதுவே தண்டனை. வழிபாடு நடத்துபவர் சிகிச்சைக் கோப்பில் எழுதக் கூடாது, கோப்பு எழுதுபவர் வழிபாடு நடத்தக் கூடாது. சிறிய மையத்தில் இரண்டும் ஒரே ஆளாக இருப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்கு வேர். மருந்தைத் தொடங்கவும் நிறுத்தவும் மருத்துவர் கையொப்பம் மட்டும்; ஏ.ஏ.வின் சொந்தக் கையேடே உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்க வேண்டாம் என்கிறது. இரவில் இருக்கும் மூத்தவர் யாராயினும் அவரிடம் சாவியும் 108-ஐ அழைக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நோன்பு, ஜும்மா, தவக்காலம், விரதம் எதற்கும் இடம் தராத "சுத்த மருத்துவ" வார்டும் நோயாளியை இழக்கிறது. ரம்ஜானில், மீண்டும் குடிக்காமல் இருக்க உதவும் அகாம்ப்ரோசேட் கொடுப்பது கடினம். 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டு வீதம் மூன்று வேளை, நடுவேளை நோன்பில் விழும். அதே நோக்கத்துக்கான நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் ஒரே வேளை, இஃப்தாருக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். கல்லீரல் இடம் கொடுக்க வேண்டும், ஓபியாய்டு (அபின் வகைப் பொருள்) எடுத்தவர் 7 முதல் 10 நாள் அதிலிருந்து விலகியிருக்க வேண்டும். குடித்தால் உடலைக் கடுமையாக வாட்டும் டைசல்பிராம் எடுப்பவருக்கு ஒயின் கொடுக்கும் திருச்சபையில் நற்கருணை ஒயினும், வீட்டில் இருக்கும் அரிஷ்டமும் ஆபத்து. அரிஷ்டத்தில் தானாக ஊறிய ஆல்கஹால் இருக்கிறது. நோன்போ விரதமோ தொடங்கும் நாளில் குடியையும் சேர்த்து நிறுத்தப் போகிறவர் ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்ல வேண்டுமானால் "சாமி கும்பிடுவீங்களா, எங்க, எப்போ" என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் கட்டம்

இரண்டாம் முறை மருத்துவமனையில் டயசெபாம் மீண்டும் தொடங்கி, இம்முறை நான்கு மாதத்தில் குறைத்து நிறுத்தினார்கள். மனைவி மையத்துக்குத் திரும்ப அனுப்பவில்லை. மீதி முன்பணம் பாதி திரும்பியது. புகாரை மாநில மனநல ஆணையத்துக்கு எழுதினார். படிவத்தின் நகலும், காலியான மருந்துக் கட்டங்களின் புகைப்படமும் இணைத்தார். மையத்தில் சேர்க்கும்போதே படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது ஏன் என்பதற்கு இதுவே காரணம். தொலைபேசி வழி உதவிக்கு மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446.

கல்லீரல் பரிசோதனை சற்றுக் கூடுதல் காட்டியதால் அகாம்ப்ரோசேட். வாரம் இரண்டு ஏ.ஏ. கூட்டம். கூட்ட முடிவில் எல்லோரும் சொல்லும் மன்றாட்டின்போது அவர் எழுந்து நிற்பார், வாய் திறக்க மாட்டார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அடுத்த கார்த்திகைக்கு இரண்டு வாரம் முன்பு மருத்துவரும் கவுன்சிலரும் குருசாமியும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினார்கள். ஏற்கெனவே எட்டு மாதம் தெளிவு, ஆகவே மாலை போடுவதில் உடலுக்கு ஆபத்து இல்லை. மாத்திரை விரதத்தை முறிக்காது என்று குருசாமி தன் கையால் எழுதினார். மலையில் ஒரு நாள் மாத்திரை தவறினால் மறுநாள் வழக்கமான அளவு, இரட்டிப்பு கூடாது. தாளின் பாதி, மாலை கழற்றும் நாள் பற்றியது. கழற்றுவது மாலையில் அல்ல, காலையில். அன்று வேலைக்குப் போவதில்லை. கூலி மறுநாள் மனைவி கையில். மாலை 6.30-க்கு ஏ.ஏ. கூட்டம், கூட்டிப் போக ஸ்பான்சர் ஐந்தரைக்கே வீட்டுக்கு வருவார். அதற்கடுத்த 41 நாளும் விடிகாலைக் குளியல் தொடரும், தண்ணீர் மட்டும் வெந்நீர். வாரம் ஒரு நாள் குருசாமி வீட்டு பஜனை. கழற்றிய மாலை பெட்டிக்குள் போகாது. வெல்டிங் பட்டறை போகும் வழியில் பார்வையில் படும்படி, வாசல் ஆணியில்.